உம்ராவில் நனைந்த கண் ஊருக்கு வந்ததும் வறண்டுபோவது ஏன்?

ஜும்ஆ உரை – பீர்க்கன்கரணை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



பள்ளிவாசல் இமாமிடம் மக்கள் பலவிதமான கேள்விகளோடு வருவார்கள். ஜகாத் கணக்கு, சொத்துப் பங்கு, தொழுகையில் வரும் சந்தேகம் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு மாட்டும் இடத்தில் நின்று மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்விகளும் உண்டு. அப்படிப்பட்ட மூன்று கேள்விகளை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி உம்ரா போய்வந்தவர்களுடையது. "ஹஜ்ரத், கஅபாவை முதன்முதலாகப் பார்த்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது. அழுகையை அடக்க முடியவில்லை. ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. தொழுகையில் நின்றால் இ.எம்.ஐ. ஞாபகம் வருகிறது, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல் ஞாபகம் வருகிறது. அந்த உணர்வு மட்டும் வருவதில்லை. நான் முனாஃபிக்கா?"

இரண்டாவது கேள்வி இளைஞர்களுடையது. "எனக்குள்ளே இருக்கும் உண்மையான 'நான்' யார் என்று தேடுகிறேன். தொழுகையில் அது கிடைக்கவில்லை. செல்போனில் தியான வீடியோக்கள் பார்க்கிறேன். அது தவறா?"

மூன்றாவது கேள்வி தாய்மார்களுடையது. "மகன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓதிக்கொண்டே இருக்கிறான். தனக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது என்கிறான். பெரிய நிலைக்குப் போய்விட்டானா, இல்லை ஜின்னா?"

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கல்பில் ஏற்படும் ஆன்மீக உணர்வை எந்தத் தராசில் எடைபோடுவது என்பது நமக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தராசு தெரியாததால் ஒருவர் மனம் நொந்து தொழுகையையே விட்டுவிடுகிறார். இன்னொருவர் தன்னைப் பெரிய வலி என்று எண்ணிக்கொள்கிறார். வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவம் கிடைக்காமல் போகிறது. எனவே அந்தத் தராசை நம் மார்க்கத்தில் தேடுவோம்.

ஹன்ளலா (ரலி) அவர்களின் அச்சம்

முதல் கேள்வியை நம்மவருக்கு முன்பே கேட்டவர் ஒரு ஸஹாபி. அதிலும் நபி (ஸல்) அவர்களுக்கு எழுத்தராக இருந்தவர்களில் ஒருவரான ஹன்ளலா (ரலி) அவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி வருகிறது.

ஒருநாள் அபூபக்ர் (ரலி) அவர்கள் எதிரே வந்து நலம் விசாரித்தபோது, தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாக ஹன்ளலா சொன்னார்கள். அபூபக்ர் (ரலி) திடுக்கிட்டுக் காரணம் கேட்டார்கள். நாயகத்தின் சபையில் இருக்கும்போது சொர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், தோட்டம் துரவு என்று ஆகிவிட்டால் பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்றார்கள். அபூபக்ர் (ரலி) அதை மறுக்கவில்லை. தமக்கும் அப்படித்தான் நேர்கிறது என்றார்கள். சிந்தித்துப் பாருங்கள், ஸித்தீக் என்று பெயர் பெற்றவருக்கே அந்த நிலை!

இருவரும் நாயகத்திடம் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. சபையில் இருக்கும் நிலை எப்போதும் நீடித்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகுலுக்குவார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்று மூன்று முறை உணர்த்தினார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. உணர்வு ஏறுவதும் இறங்குவதும் மனிதப் படைப்பின் இயல்பு, அது நயவஞ்சகம் ஆகாது என்பது ஒன்று. மனைவி மக்களோடு இருக்கும் நேரம் வீணான நேரம் அல்ல என்பது மற்றொன்று. ஒரு நேரத்தைப் பெரிதாக்குவதற்காக மற்றொரு நேரத்தை நாயகம் இழிவாகப் பேசவில்லை.

தஸவ்வுஃப் கலையின் இமாம்கள் இதற்கு இரண்டு சொற்களை வைத்தார்கள். ஒன்று 'ஹால்', மற்றொன்று 'மகாம்'. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் குஷைரி (ரஹ்) தம் ரிஸாலாவில் இதை விரிவாக விளக்குகிறார்கள். ஹால் என்பது அல்லாஹ் கல்பில் இறக்கும் அன்பளிப்பு. நாம் அழைத்து வருவதில்லை, பிடித்துவைக்கவும் முடியாது. மகாம் என்பது பயிற்சியாலும் பொறுமையாலும் குணத்தில் ஊன்றிவிட்ட நிலை. கஅபாவின் முன்னால் வந்த அழுகை ஹால். ஊருக்குத் திரும்பிய பிறகு வட்டிக் கடனை விட்டாரா, அண்ணன் தம்பிச் சண்டையை முடித்தாரா என்பதுதான் மகாம். அழுகை போய்விட்டது என்று கவலைப்படும் சகோதரர் இந்த இரண்டாவது கேள்வியைத் தம்மிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் காட்டிய தராசு

ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கிய இரவை நினைத்துப் பாருங்கள். வஹீ என்பது நபிமார்களுக்கே உரியது. நம்முடைய எந்த அனுபவத்தையும் அதற்கு அருகில்கூட வைக்க முடியாது. ஆனால் அந்த இரவில் நம் அன்னை நடந்துகொண்ட விதத்தில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்து போர்த்திவிடச் சொன்னார்கள். நடுக்கம் தணிந்த பிறகு, தமக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தைத் தம் மனைவியிடம் சொன்னார்கள். இப்படி நேரத்தில் நம் வீட்டில் என்ன கேட்போம்? என்ன தெரிந்தது, எப்படி இருந்தது, எவ்வளவு வெளிச்சம் என்றுதான் கேட்போம். அன்னை அவர்கள் அதை விவாதிக்கவில்லை. அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதியாகச் சொன்னார்கள். அதற்குச் சொன்ன காரணங்கள் எல்லாமே குணங்கள்: உறவைச் சேர்த்து வாழ்கிறீர்கள், அடுத்தவர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்கு உழைத்துக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். புகாரியின் தொடக்கத்திலேயே இந்த ஹதீஸ் இருக்கிறது.

அதாவது, அனுபவத்தை எடைபோட அன்னை அவர்கள் மனிதரின் குணத்தைப் பார்த்தார்கள். அடுத்ததாக வேத ஞானம் அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். குணத்தைப் பார்ப்பதும், அறிந்தவரிடம் கேட்பதும்தான் அந்தத் தராசின் இரண்டு தட்டுகள்.

அதன் பிறகு சிலகாலம் வஹீ நின்றிருந்தது. நாயகத்தின் மனம் மிகவும் கவலையுற்றது. வேறொரு இடைவெளியில், உம் இறைவன் உம்மைக் கைவிட்டுவிட்டான் என்று மக்கத்து எதிரிகள் கேலி பேசினார்கள். ளுஹா அத்தியாயம் அப்போதுதான் இறங்கியது. அல்லாஹ் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்று அது ஆறுதல் சொன்னது. ஆறுதலோடு முடிந்துவிடாமல் அநாதையை அடக்காதீர், யாசகரை விரட்டாதீர் என்று கட்டளையும் இட்டது. வறட்சியான நாட்களில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய வழி இதிலேயே இருக்கிறது: உணர்வு வரவில்லையே என்று உட்கார்ந்துவிடாமல், இல்லாதவர் பக்கம் திரும்ப வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்): நாவு நின்றுபோன பேராசிரியர்

தம் கல்பில் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்த ஆலிம்களில் தலையாயவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். பிறப்பு தூஸ் நகரம், ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058. ஹிஜ்ரி 484-இல் பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியரானார்கள். முன்னூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். அன்றைய இஸ்லாமிய உலகில் ஓர் ஆலிமுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

அந்த உச்சியில் நின்றுகொண்டு அவர்கள் தம்மையே விசாரித்தார்கள். நான் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்கும் புகழுக்குமா? பதில் அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. ஹிஜ்ரி 488 ரஜப், அதாவது கி.பி. 1095-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் போவதா இருப்பதா என்ற இழுபறி. கடைசியில் நாவே கட்டிக்கொண்டது. பாடம் நடத்த வாய் திறந்தால் ஒரு சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை, உடல் மெலிந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் தொடங்கி உடலில் இறங்கிய நோய் என்றார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மனமும் உடலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இப்படி ஒரு தெளிவான வாக்குமூலம்!

இறுதியில் குடும்பத்தின் செலவுக்கு வழி செய்துவிட்டு, மற்ற செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு பாக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். திமிஷ்க் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ் செய்தார்கள். பிறகு பிள்ளைகளின் ஏக்கம் ஊருக்குத் திரும்ப அழைத்தது. அங்கே குடும்பப் பொறுப்புகள் தனிமையைக் குலைத்தன. அந்தத் தூய நிலை எப்போதாவதுதான் வாய்த்தது, ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை என்று 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற தம் நூலில் அவர்களே எழுதுகிறார்கள். ஹன்ளலா (ரலி) அவர்களின் நிலைதான் இமாமுக்கும்!

பதினோரு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 499-இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். வெளிப்பார்வைக்கு அதே வேலைதான். ஆனால் முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் சொல்லும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்ற கருத்தில் எழுதினார்கள். அவர்களுடைய அனுபவம் உண்மையானது என்பதற்குச் சாட்சி மினாராவில் கண்டது மட்டுமல்ல. அதே நாற்காலியில் மாறிய மனிதராக வந்து உட்கார்ந்ததும் சாட்சிதான்.

அனுபவ அறிவை அவர்கள் 'தவ்க்' என்றார்கள். சுவைத்து அறிதல் என்று பொருள். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவரும் ஆரோக்கியமாக இருப்பவரும் ஒன்றா என்று கேட்டார்கள். தொழுகையின் ஃபர்ளு எத்தனை, ஸுன்னத்து எத்தனை என்று நமக்கெல்லாம் தெரியும். தெரிவது அவசியம். ஆனால் ஸுஜூதில் தலை வைக்கும்போது கல்பும் பணிந்தால்தான் அந்த அறிவு நம்முடையதாகும்.

வெளியிலிருந்து ஒரு சாட்சி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1901, 1902 ஆண்டுகளில் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். 1902-இல் அவை நூலாக வந்தன. இத்துறையில் இன்றும் அதுதான் அடிப்படை நூல். அதில் அவர் இமாம் கஸ்ஸாலியின் அந்தத் தன்வரலாற்றைச் சான்றாக எடுத்துக் காட்டுகிறார்.

இத்தகைய அனுபவங்களுக்கு அவர் நான்கு அடையாளங்கள் சொன்னார். சொல்லில் அடங்காது, ஏதோ ஓர் உண்மை புரிந்ததுபோல் இருக்கும், வெகுநேரம் நீடிக்காது, தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் வந்து ஆட்கொள்ளும். மூன்றாவது அடையாளத்தைக் கவனியுங்கள். உணர்வு நீடிக்காதது குறை அல்ல, அதன் இயல்பே அதுதான். அனுபவத்தை அதன் வேரைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது வாழ்வில் தரும் கனியைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பது அவருடைய வாதம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கனியைத்தான் பார்த்தார்கள்.

இன்று சிலர் சொல்கிறார்கள்: "தொழும்போதும் தியானிக்கும்போதும் மூளையில் மாற்றம் ஏற்படுவது ஸ்கேனில் தெரிகிறது. எனவே இதெல்லாம் வெறும் மூளையின் வேலை." மாம்பழம் சாப்பிடும்போதும் மூளையில் மாற்றம் தெரியத்தான் செய்யும். அதனால் மாம்பழமே இல்லை என்று ஆகிவிடுமா? அல்லாஹ் தந்த மூளையின் வழியாகத்தான் அல்லாஹ்வை நினைக்கிறோம். அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

வடசென்னையில் உறங்கும் மஸ்தான்

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ராயபுரம், தொண்டியார்பேட்டைப் பகுதி. அங்கேதான் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) வாழ்ந்து 1838-இல் மறைந்தார்கள். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். ஊர், தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள குணங்குடி.

மஸ்த் என்ற பாரசீகச் சொல்லுக்குப் போதை என்று பொருள். இறைக்காதலில் தம்மை மறந்து திரிந்ததால் மக்கள் மஸ்தான் என்றார்கள். சாதி மதம் பாராமல் பலர் அவர்களைத் தேடி வந்தார்கள். பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, முகியித்தீன் சதகம் என்று தமிழில் பாடிவைத்தார்கள். அந்தப் பாடல்களின் சில சொல்லாட்சிகளுக்கு ஆலிம்களின் விளக்கம் தேவைப்படும், அது வேறு விஷயம்.

நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. மஸ்தான் ஆவதற்கு முன்பு அவர்கள் மார்க்கக் கல்வி கற்றவர்கள். கல்வியின் மேல் எழுந்த காதல் அது. அடுத்தது, அவர்களுடைய பாடல்களில் தம் மனத்தைத் தாமே கடிந்துகொள்ளும் இடங்களும், அல்லாஹ்விடம் கெஞ்சும் இடங்களும் நிறைய. அருகில் செல்லச் செல்ல நல்லடியார்களுக்குத் தம் குறைதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இன்று இரண்டு கனவு கண்டவுடன் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிறோம்.

ஒருவர் காற்றில் பறப்பதைப் பார்த்தாலும் ஏமாந்துவிடாதீர்கள், அல்லாஹ்வின் ஏவல் விலக்கலில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள் என்று எச்சரித்தவர், பரவச நிலைக்கே பெயர்பெற்ற அபூயஸீத் பிஸ்தாமி (ரஹ்) அவர்கள். இதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான 'நான்' எங்கே இருக்கிறது?

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். தன்னை அறிந்தவன் தன் இறைவனை அறிந்தான் என்ற கருத்துள்ள வாசகத்தை ஹதீஸ் என்று பலர் சொல்கிறார்கள். நபிமொழியாக அது உறுதிப்படவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் குர்ஆனில் இதன் மறுபக்கம் இருக்கிறது. ஹஷ்ர் அத்தியாயத்தின் 19-ஆவது வசனம், அல்லாஹ்வை மறந்தவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள், அவர்கள் தங்களையே மறக்கும்படி அவன் செய்துவிட்டான் என்ற கருத்தைத் தருகிறது. அல்லாஹ்வை விட்டுவிட்டுத் தன்னைத் தேடுபவர் தேடத் தேடத் தன்னையே தொலைக்கிறார்.

மூச்சைக் கவனிப்பதும் அமைதியாக உட்காருவதும் மனத்துக்கு ஓய்வு தரலாம். அதில் வேறு வணக்கம் கலக்காதவரை அது ஓய்வுதான், குற்றமில்லை. ஆனால் ஓய்வு என்பது வேறு, சுயத்தை அறிவது என்பது வேறு.

குர்ஆன் நஃப்ஸின் மூன்று நிலைகளைப் பேசுகிறது. தீமைக்குத் தூண்டும் 'அம்மாரா' யூசுஃப் அத்தியாயத்தில் வருகிறது. தன்னைத் தானே பழிக்கும் 'லவ்வாமா' கியாமா அத்தியாயத்தில் வருகிறது. அமைதி அடைந்த 'முத்மஇன்னா' ஃபஜ்ரு அத்தியாயத்தில் வருகிறது. மூன்று தனித்தனி ஆட்கள் அல்ல, ஒரே மனிதரின் மூன்று நிலைகள். நடுவில் இருக்கும் லவ்வாமாவைப் பாருங்கள். அல்லாஹ் அதன் பெயரால் பேசுகிறான் என்றால் அதன் மதிப்பை என்னவென்பது! "நான் முனாஃபிக்கா?" என்று கேட்டாரே உம்ரா போய்வந்த சகோதரர், அவருக்குள் பேசியது அந்த லவ்வாமாதான். உள்ளம் செத்துப்போனவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

ஆக, நம் ஆழமான சுயம் என்பது எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு பரவசம் அல்ல. அல்லாஹ்வின் முன்னால் சாக்குப்போக்குச் சொல்லாமல் நிற்கும்போது எஞ்சியிருக்கிறோமே, அதுதான் நாம்.

நோயை நிலை என்று எண்ணாதீர்கள்

மூன்றாவது கேள்வி கவனமாகப் பேச வேண்டியது. ஒரு பிள்ளை பல இரவுகள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாருக்கும் கேட்காத குரல் அவனுக்குக் கேட்கிறது, நான்தான் மஹ்தி என்கிறான், வீட்டாரைப் பார்த்தே பயப்படுகிறான் என்றால் அது ஹாலும் இல்லை, மகாமும் இல்லை. முதலில் அவனுக்குத் தேவை மருத்துவர். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அதில் மனநோய்க்கு விலக்கு இல்லை. ஹிஜ்ரி 322-இல் மறைந்த அபூஸைத் பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒருவகை, காரணமே தெரியாத துக்கம் இன்னொருவகை, பின்னது உடலில் இருந்து வருவது என்று அன்றே பிரித்துக் காட்டினார். எனவே மனச்சோர்வு உள்ளவரைப் பார்த்து "ஈமான் பலவீனம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இதில் நம் சமுதாயம் கொடுத்த விலை பெரியது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநலம் பாதித்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. குணமாகும் என்று நம்பி வீட்டார் விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அதன் பிறகு தர்காவிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி 'தவா – துவா' என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்தது. துஆ ஒரு கை, மருந்து ஒரு கை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 'டெலி மானஸ்' என்ற அரசின் இலவச ஆலோசனை எண் 14416. வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் வெட்கப்படாமல் அழையுங்கள்.

இந்த வாரத்திலிருந்து செய்ய வேண்டியவை

முதலாவது, உணர்வு வரவில்லை என்பதற்காக அமலை விடாதீர்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில், எந்த உணர்வும் இல்லாமல், கடமைக்காக எழுந்து ஃபஜ்ரு தொழுகிறாரே ஓர் இளைஞர், அந்தத் தொழுகையை அற்பமாக நினைக்காதீர்கள். இன்பம் கிடைக்காமலேயே அல்லாஹ்வுக்காக நின்ற தொழுகை அது.

இரண்டாவது, தூங்கும் முன் ஐந்து நிமிடம் முஹாஸபா. இன்று யாரை நோகடித்தேன், எதை மறைத்தேன், எதை யாருக்காகச் செய்தேன் என்று மூன்றே கேள்விகள். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது, நல்ல கனவோ கல்பில் ஓர் உணர்வோ வந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள். நேசத்துக்குரிய ஒருவரிடம் அல்லது நல்ல ஆலிமிடம் மட்டும் சொல்லுங்கள். ஊருக்கு அறிவித்தால் ரியா புகுந்துவிடும்.

நான்காவது, தராசை வீட்டிலேயே வையுங்கள். உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்றார்கள் நாயகம் (ஸல்). உம்ரா கபூலாகியிருக்கிறதா என்பதை அல்லாஹ் அறிவான். உம்ராவால் உங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள், அவர் சொல்வார்.

யா அல்லாஹ்! எங்கள் கல்புகளை உன் திக்ரைக் கொண்டு அமைதிபெறச் செய்வாயாக! உணர்வு வரும் நேரத்தில் பெருமையையும், வராத நேரத்தில் விரக்தியையும் விட்டு எங்களைக் காப்பாயாக! மனம் நோயுற்றிருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! அமைதியடைந்த ஆன்மாவாக உன்னிடம் திரும்பும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.